எதிர்க்கலாம், வெளியேறச் சொல்லக் கூடாது: சட்டமன்ற விவாதத்தில் மரியாதை என்றால் என்ன?

சட்டப்பேரவை நிகழ்ச்சிகளை முதன்முறையாகத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஒருவருக்கு இரண்டு காட்சிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தெரியும். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘மாண்புமிகு’ என்று குறிப்பிடுகிறார்கள். எதிர்வரிசையில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதைக்கூட ‘மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே’ என்று தொடங்கித் தலைவரிடமே சொல்கிறார்கள். அடுத்த கால்மணி நேரத்தில் அதே அவையில் கூச்சல் எழுகிறது, தலைவர் எழுந்து நின்று அமைதி கேட்கிறார், ஒரு கட்சி வெளிநடப்புச் செய்கிறது. இதைப் பார்ப்பவர், மரியாதை என்பது வெறும் வாய்ச்சொல் என்றோ, உண்மையான கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் மரியாதைக்கு வேலையே இல்லை என்றோ எண்ணிவிடுவது இயல்பு. இரண்டும் தவறான முடிவுகள் என்று கருதுகிறேன். மக்களைப் பிளக்கக்கூடிய ஒரு பிரச்சினையைப் பேசும்போது சட்டம் இயற்றுவோர் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதை, இனிமையாகப் பேசுவதைக் காட்டிலும் கடினமானது. அது எப்படி இயங்குகிறது என்பதை இந்தியாவின் ஆட்சிமொழி விவாதத்தைக் கொண்டு விளக்க முயல்கிறேன். தமிழ் வாசகருக்கு நெருக்கமான விவாதம் அது. 1946இல் தொடங்கி 1967 வரை பல கட்டங்களாக நடந்த அதில் மரியாதை காக்கப்பட்ட தருணங்களும் தவறவிடப்பட்ட தருணங்களும் அவைக்குறிப்புகளில் பதிவாகியிருக்கின்றன.

முதலில், எந்தப் பிரச்சினை மக்களைப் பிளக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பாலத்துக்கு ஐந்து கோடி போதும் என்று ஒருவரும் பத்துக் கோடி வேண்டும் என்று மற்றொருவரும் சொன்னால், நடுவே ஒரு தொகையில் இருவரும் வந்து நிற்க முடியும். தோற்றவர் அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையின்போது மறுபடியும் கேட்டுக்கொள்ளலாம். மொழி, மதம், சாதி, மாநில எல்லை, ஆற்றுநீர் போன்றவற்றில் அத்தகைய நடுத்தொகை எளிதில் கிடைப்பதில்லை. அங்கே ஒருவருடைய தேவையோடு சேர்த்து, அவர் யார் என்பதும் பேசப்படுகிறது. அவையில் ஓர் உறுப்பினர் வாக்கெடுப்பில் தோற்கும்போது, அவருக்குப் பின்னால் இருக்கும் பல லட்சம் பேர் தாங்களே சிறுமைப்படுத்தப்பட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே இத்தகைய விவாதத்தில் மரியாதையின் முதன்மையான வேலை, தோற்ற தரப்பு தன் மக்களிடம் திரும்பிச் சென்று, ‘நாம் சொன்னதைக் கேட்டார்கள், கேட்ட பிறகே மறுத்தார்கள்’ என்று மனசாட்சியோடு சொல்லக்கூடிய நிலையை உருவாக்குவது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாதவர்கள், அடுத்த முறை அவைக்கு வருவதைக் காட்டிலும் தெருவுக்குப் போவதே மேல் என்று நினைக்கத் தொடங்குவார்கள்.

இரண்டு பேச்சுகள்

1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை டெல்லியில் முதன்முதலாகக் கூடியது. மறுநாளே மொழிப் பிரச்சினை தலைகாட்டியது. ஐக்கிய மாகாணத்தை (இன்றைய உத்தரப் பிரதேசம்) சேர்ந்த ஆர்.வி. துலேகர், அவையின் நடைமுறை விதிகளை வகுக்கும் குழு தொடர்பான ஒரு திருத்தத்தை முன்மொழிய எழுந்து, இந்திக்கு நெருக்கமான இந்துஸ்தானியில் பேசத் தொடங்கினார். தற்காலிகத் தலைவராக இருந்த சச்சிதானந்த சின்கா, அவையில் பலருக்கு அந்த மொழி தெரியாது என்று நினைவூட்டினார். அதற்குத் துலேகர் அளித்த பதிலின் சாரம் இது: இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்க உரிமை கிடையாது, அரசியலமைப்பை உருவாக்க இந்த அவைக்கு வந்திருந்தும் அந்த மொழியை அறியாதவர்கள் இதன் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர்கள், அவர்கள் வெளியேறுவதே நல்லது. தலைவர் மீண்டும் மீண்டும் ஒழுங்கு கோரினார், துலேகர் நிறுத்தவில்லை. இறுதியில், அவர் பேசுவது ஒழுங்குக்குப் புறம்பானது, மேற்கொண்டு பேச அனுமதியில்லை என்று தலைவர் முடிவு சொன்னார்.

துலேகரின் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து விடுபடப் போகும் ஒரு நாட்டின் பிரதிநிதிகள் தங்கள் மொழியில் சிந்தித்துப் பேச வேண்டும் என்று அவர் கேட்டார். அந்த ஆசை தமிழருக்கும் வங்காளியருக்கும் புரியாதது அல்ல. ஆனால் அந்த ஆசையை அவர் முன்வைத்த விதம், எதிர்த்தரப்பின் கருத்தை மறுப்பதைத் தாண்டி, எதிர்த்தரப்பு அந்த அறையில் இருப்பதையே மறுத்தது.

இப்போது இன்னொரு பேச்சைப் பார்க்கலாம். 1948 நவம்பர் 5 அன்று, அரசியலமைப்பு வரைவின் மீதான பொது விவாதத்தில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேசினார். ‘மொழி ஏகாதிபத்தியம்’ என்ற கடுமையான சொல்லை அவர் பயன்படுத்தினார். வலுவான மத்திய அரசு வேண்டும் என்பதில் தமக்கு உடன்பாடு உண்டு. ஆயினும் இத்தகைய சகிப்பின்மை தொடர்ந்தால், அந்த வலுவான மத்திய அரசு அதன் மொழியைப் பேசாத மக்களை அடிமைப்படுத்துவதாகவே முடியும் என்று எச்சரித்தார். தென்னிந்தியாவில் பிரிவினை கோருவோர் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இளமையில் ஆங்கிலத்தை வெறுத்ததாகவும், விருப்பமில்லாமலே ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் படிக்க நேர்ந்ததாகவும் சொல்லி, இப்போது வேறொரு மொழியைக் கட்டாயத்தால் கற்க நேர்வது எத்தகைய துன்பம் என்பதைத் தம் அனுபவத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். கடைசியில், முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாணத்து நண்பர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்.

தொடக்க நிலையில் இருப்பவர் இந்த இரண்டு பேச்சுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கிவிடும். கிருஷ்ணமாச்சாரியின் பேச்சு துலேகரின் பேச்சைவிட மென்மையானது என்று சொல்லவே முடியாது. நாடு உடையக்கூடும் என்பதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறு எது? இருந்தும் அவர் எதிர்த்தரப்பினரை ‘நண்பர்கள்’ என்றே குறிப்பிட்டார். தேர்வை அவர்கள் கையில் கொடுத்தார். தம் அச்சத்துக்கான காரணத்தை அவர்கள் எடைபோட்டுப் பார்க்கும்படி விரித்துச் சொன்னார். அவருக்கு மறுப்புச் சொல்ல எழும் ஒருவருக்கு நிற்க இடம் இருந்தது. துலேகரின் சொல்லுக்கு மறுப்பாக எழ வேண்டுமானால், ‘நான் இங்கே இருக்கத் தகுதியுள்ளவன்’ என்பதை ஒருவர் முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. விவாதத்தில் மரியாதை என்பதற்கு நான் அறிந்த மிக எளிய அளவுகோல் இதுதான்: ஒரு பேச்சு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எதிரே இருப்பவர் பதில் சொல்ல அது இடம் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விதிகள் என்ன செய்கின்றன?

அவை விதிகளை இந்த அளவுகோலோடு சேர்த்துப் படித்தால், சடங்கு போலத் தெரிந்தவற்றுக்குக் காரணம் புலப்படும். தலைவரை விளித்துப் பேச வேண்டும் என்ற மரபையே எடுத்துக்கொள்ளலாம். ‘நீ பொய் சொல்கிறாய்’ என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்வதற்கும், ‘மாண்புமிகு உறுப்பினர் சொன்ன புள்ளிவிவரம் தவறு என்பதைத் தலைவர் அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்பதற்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அது ஒருவர் மீது விழாமல், அவர் சொன்னதன் மீது விழுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்காடும் இருவரும் நடுவரைப் பார்த்துப் பேசுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மக்களவையின் நடைமுறை விதிகளில் 352ஆவது விதி, உறுப்பினர் பேசும்போது எவற்றைச் செய்யக் கூடாது என்று கூறுகிறது. சக உறுப்பினர் மீது தனிப்பட்ட குற்றம் சுமத்துவது, அவருக்கு உள்நோக்கம் கற்பிப்பது, அவருடைய நேர்மையை ஐயுறுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். உள்நோக்கம் கற்பிக்கக் கூடாது என்ற தடை ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு கருத்தைக் காரணம் காட்டி மறுக்கலாம். ‘நீங்கள் இதைச் சொல்வது வாக்குக்காகத்தான்’ என்ற குற்றச்சாட்டை மறுக்க எந்தக் காரணத்தைக் காட்டுவது? அங்கே விவாதம் பொருளை விட்டு நீங்கி ஆளின் மீது ஏறிவிடுகிறது, பிறகு இறங்குவதே இல்லை. 353ஆவது விதியின்படி, ஒருவர் மீது அவதூறான அல்லது குற்றம் சாட்டும் தன்மையுள்ள செய்தியை அவையில் சொல்ல விரும்புபவர், தலைவருக்கும் தொடர்புடைய அமைச்சருக்கும் போதிய முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அமைச்சர் விசாரித்துப் பதிலளிக்க அவகாசம் வேண்டுமல்லவா, அதற்காக. 380ஆவது விதி, கண்ணியக்குறைவான அல்லது அவைக்கு ஒவ்வாத சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரத்தைத் தலைவருக்கு வழங்குகிறது. நம் பேரவைச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது’ என்ற தொடர் இத்தகைய அதிகாரத்தையே குறிக்கிறது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு மறுபக்கமாக ஒரு பெரிய சுதந்திரமும் இருக்கிறது. அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு நாடாளுமன்றத்தில் பேச்சுரிமையை உறுதி செய்வதோடு, அவையில் பேசிய பேச்சுக்காகவோ அளித்த வாக்குக்காகவோ எந்த உறுப்பினரும் நீதிமன்ற நடவடிக்கைக்கு உள்ளாக மாட்டார் என்றும் சொல்கிறது. 194ஆவது பிரிவு மாநிலச் சட்டமன்றங்களுக்கு அதே பாதுகாப்பைத் தருகிறது. வெளியே சொன்னால் வழக்கு வரக்கூடிய ஒன்றை உள்ளே அச்சமின்றிச் சொல்லலாம். சுதந்திரம் அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் அதைப் பயன்படுத்தும் முறைக்கு அவை தானே வரம்பு கட்டிக்கொள்கிறது.

விதிகளை மீறினால் தண்டனை உண்டு. தண்டனையே விவாதத்தைக் குலைத்துவிடவும் கூடும். மக்களவையில் 374ஏ என்ற விதி, அவையின் நடுப்பகுதிக்கு வந்து கடுமையாக இடையூறு செய்பவரைத் தலைவர் பெயர் சொன்னவுடன், தொடர்ந்து ஐந்து அமர்வுகளுக்கோ கூட்டத்தொடரின் மீதி நாள்களுக்கோ, இவற்றுள் எது குறைவோ அந்தக் காலத்துக்கு இடைநீக்கம் செய்கிறது. 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் நிகழ்ந்த பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கம் அளிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் முழக்கமிட்டதைத் தொடர்ந்து, அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வெளியே இருந்த அந்த நாள்களில், இந்தியத் தண்டனைச் சட்டம் உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்களுக்கு மாற்றான மசோதாக்கள் இரு அவைகளிலும் நிறைவேறின. முழக்கமிட்டு அவையை நடக்கவிடாமல் செய்வதும், எதிர்க்குரல் இல்லாத அவையில் பெரிய சட்டங்களை நிறைவேற்றுவதும் ஒரே குறையின் இரு பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலாவதில் பேசுபவருக்கு இடமில்லை. இரண்டாவதில் மறுப்பவருக்கு இடமில்லை.

1949 செப்டம்பரின் மூன்று நாள்கள்

மரியாதையைக் காப்பதற்கு விதிகள் மட்டும் போதாது என்பதை 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை அரசியல் நிர்ணய சபையில் நடந்த ஆட்சிமொழி விவாதம் காட்டுகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் அந்த ஒரு பொருளின் மீது மட்டும் கொடுக்கப்பட்டிருந்தன. இந்தியை ஆட்சிமொழியாக்குவதா, எப்போது முதல், ஆங்கிலம் எத்தனை ஆண்டு நீடிக்க வேண்டும், எண்களைத் தேவநாகரி வடிவில் எழுதுவதா, உலகெங்கும் வழங்கும் வடிவில் எழுதுவதா என்று ஒவ்வொன்றிலும் பிளவு இருந்தது. எண்களின் வடிவம் குறித்துப் பெரியவர்கள் அவ்வளவு கடுமையாக மோதிக்கொண்டது இன்று வியப்பாகத் தோன்றலாம். மொழி பற்றிய கவலைகள் அனைத்தும் அந்த ஒன்பது இலக்கங்களிலும் சுழியத்திலும் வந்து குவிந்திருந்தன.

விவாதம் தொடங்குவதற்கு முன் அவைத்தலைவர் ராஜேந்திர பிரசாத் உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். யாருடைய உள்ளமும் புண்படும்படியான ஒரு சொல்கூட வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதோடு அவர் நிறுத்தவில்லை. அரசியலமைப்பின் வேறு எந்தப் பகுதியையும்விட இந்தப் பகுதி நாள்தோறும், ஏன், மணிதோறும் நடைமுறைப்படுத்தப்பட வேண்டியது என்பதை நினைவூட்டி, பெரும்பான்மை வாக்கால் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டாலும், வடக்கிலோ தெற்கிலோ கணிசமான மக்கள் அதை ஏற்கவில்லையென்றால் அரசியலமைப்பைச் செயல்படுத்துவதே மிகக் கடினமாகிவிடும் என்று எடுத்துச் சொன்னார். பீகாரைச் சேர்ந்த அவர் இந்தியின் மீது ஆழ்ந்த பற்றுக் கொண்டவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தம் பக்கத்துக்கு வாக்கு வலிமை இருக்கும்போது, வெல்வது மட்டும் போதாது என்று தலைமை இருக்கையிலிருந்து சொன்ன அந்தப் பேச்சை, அவை மரியாதை பற்றிய பாடமாகவே படிக்கலாம்.

அவைக்கு வெளியே நடந்த நீண்ட பேச்சுவார்த்தைகளின் பயனாக உருவான சமரச வரைவை, தஞ்சை மாவட்டத்தில் பிறந்த என். கோபாலசாமி அய்யங்கார் முன்மொழிந்தார். குஜராத்தைச் சேர்ந்த கே.எம். முன்ஷியோடு இணைந்து அவர் உருவாக்கியதால் அது முன்ஷி–அய்யங்கார் வரைவு என்று பெயர் பெற்றது. அதில் கையாண்ட உத்திகளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் நடுத்தொகை கிடைக்காத பிரச்சினையில் எப்படி ஒரு நடுவிடத்தைத் தேடினார்கள் என்பது அங்கேதான் தெரிகிறது. முதலாவது, சொல்லைத் தேர்ந்த விதம்: இந்தியைத் ‘தேசிய மொழி’ என்று அழைக்காமல் ஒன்றியத்தின் ‘ஆட்சிமொழி’ என்று மட்டும் குறிப்பிட்டார்கள். பிற மொழியினர் தேசியத்தில் குறைந்தவர்கள் என்ற பொருள் வராமல் காத்த சொல் அது. அடுத்தது காலம்: ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் தொடரும் என்று வைத்து, உடனடி மாற்றத்தின் அச்சத்தைக் குறைத்தார்கள். எண்களில் உலக வடிவமே ஏற்கப்பட்டது. இந்தி ஆதரவாளரான புருஷோத்தம தாஸ் டாண்டன் அதைக் கடைசி வரை எதிர்த்தார். தமிழ் உள்ளிட்ட பதினான்கு மொழிகள், நாட்டின் மொழிகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றன.

விவாதத்தில் யாரும் தம் கருத்தை மழுப்பவில்லை. வங்காளத்தின் லட்சுமி காந்த மைத்ரா சமஸ்கிருதமே ஆட்சிமொழியாக வேண்டும் என்று வாதாடினார். கோவையின் தி.அ. ராமலிங்கம் செட்டியார், இது தென்னாட்டுக்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினை என்றும், விடுதலை கிடைத்த பின்னும் நாட்டின் வடகோடியில் உள்ள தலைநகருக்கு வரும் தென்னாட்டவர் தங்களை அந்நியராக உணர்கிறார்கள் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஆதிவாசித் தலைவர் ஜெய்ப்பால் சிங் எழுந்து, முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய ஆதிவாசி மொழிகளையும் அட்டவணையில் சேர்க்கக் கோரினார். அவர் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அந்த மூன்று மொழிகளும் இன்றுவரை அட்டவணையில் இல்லை. கேட்கப்படுவது வேறு, கிடைப்பது வேறு என்பதை ஜெய்ப்பால் சிங்கின் அனுபவம் நினைவூட்டுகிறது. பணிவோடு செவிசாய்த்துவிட்டு மறந்துபோவதும் ஒருவகை அவமதிப்புத்தான். எண்ணிக்கை பலம் இல்லாத தரப்புக்கு நேர்வது பெரும்பாலும் அதுவே.

செப்டம்பர் 14 அன்று மொழி பற்றிய பகுதி ஏற்கப்பட்டது. யாருக்கும் முழு நிறைவு இல்லை. ஆயினும் இந்தி ஆதரவாளர்களோ தென்னாட்டு உறுப்பினர்களோ அரசியலமைப்பு உருவாக்கத்தை விட்டு விலகிச் செல்லவில்லை. 1946இல் ‘வெளியேறுங்கள்’ என்ற சொல்லோடு தொடங்கிய விவாதம், மூன்று ஆண்டுகளுக்குப் பின் அனைவரும் உள்ளேயே இருக்க முடிவுக்கு வந்தது.

கேள்விக்குக் கேள்வி

பிரிவினைக் கோரிக்கையையே அவையில் பேச இடம் கொடுக்கலாமா என்ற கேள்வி இங்கே எழும். 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் தம் முதல் உரையை ஆற்றிய சி.என். அண்ணாதுரை, தாம் திராவிட இனத்தைச் சேர்ந்தவர் என்றும், அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ எதிரானவர் அல்லர் என்றும், திராவிடரிடம் நாட்டுக்கு அளிக்கத் தனித்தன்மை வாய்ந்த ஒன்று இருப்பதாகக் கருதுவதாலேயே சுயநிர்ணய உரிமை கோருவதாகவும் பேசினார். ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் வைக்கப்படக்கூடிய கோரிக்கைகளில் இதைவிடப் பிளவுபடுத்துவது வேறொன்று இருக்க முடியாது. ஆயினும் அவர் அதை வைத்த முறையில் யாரையும் தாழ்த்தும் சொல் இல்லை. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸை மேற்கோள் காட்டி, மனிதர் எல்லோரும் மனிதரே என்றும் சொன்னார். அவை அதைக் கேட்டது, கடுமையாக மறுக்கவும் செய்தது. அடுத்த ஆண்டு அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வந்து, வேட்பாளர்களும் உறுப்பினர்களும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று வகுத்தது. அண்ணாவின் கட்சியும் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. கேட்கப்பட்ட கோரிக்கையாக இருந்ததால் அதைக் கைவிடவும் முடிந்தது என்பது என் கணிப்பு.

அண்ணா எதிர்க்கேள்விகளை எதிர்கொண்ட விதத்துக்கு 1963ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சி நல்ல எடுத்துக்காட்டு. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்ற மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினரான பூபேஷ் குப்தா. பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்கப்பட்டபோது, நாடாளுமன்றத்தின் கீழவையை மக்களவை என்ற பொருளில் ‘லோக் சபா’ என்றும், மேலவையை ‘ராஜ்ய சபா’ என்றும், குடியரசுத் தலைவரை ‘ராஷ்டிரபதி’ என்றும் மாற்றியதால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று அண்ணா திருப்பிக் கேட்டார். அந்தப் பதிலில் கேட்டவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேட்டவர் ஏற்கெனவே மதிக்கும் ஒன்றை எடுத்து, அதே மதிப்பைத் தமக்கும் தரும்படி கேட்டது அந்தப் பதில். மசோதா அப்போது தோற்றது. 1967 ஜூலை 18 அன்று மாநிலச் சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

ஒரு சொல்லில் சிக்கிய நம்பிக்கை

இதுவரை சொன்னவை பேச்சைப் பற்றியவை. மரியாதை சட்டத்தின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்பதை அதே 1963இல் நிறைவேறிய ஆட்சிமொழிகள் சட்டம் கசப்பான முறையில் கற்பித்தது. பதினைந்து ஆண்டுக் கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிய இருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இணைமொழியாக நீடிக்கும் என்று பிரதமர் நேரு 1959இல் நாடாளுமன்றத்தில் உறுதி அளித்திருந்தார். ஆனால் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, கெடு முடிந்த பிறகும் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட ‘வேண்டும்’ என்று கட்டளையாகச் சொல்லாமல், பயன்படுத்தப்பட‘லாம்’ என்று மட்டுமே சொன்னது. ‘லாம்’ என்றால் இல்லாமலும் போகலாமே என்று தென்னாட்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். அந்தச் சொல்லுக்குக் கட்டாயம் என்ற பொருளே உண்டு என்று நேரு விளக்கினார். அவர் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெருந்தலைவரின் விளக்கம் அவரோடு போய்விடும், சட்டத்தின் சொல் நிற்கும். 1964 மே 27 அன்று நேரு மறைந்தார்.

அடுத்து நடந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. 1965 ஜனவரி முதல் மாணவர் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து பல உயிர்கள் போயின. மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பிப்ரவரியில் பதவி விலக முன்வந்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று அறிவித்தார். அவையில் ஒரு சொல்லுக்காக வாதாடியவர்களின் கவலையை, அது வெறும் சொல்தானே என்று கடந்துபோனதன் விலை அது. அவர்களுக்குத் தரப்பட்ட விளக்கங்கள் பணிவானவையே. இருந்தும் ‘நாங்கள் சொன்னதைக் கேட்டார்கள்’ என்று தென்னாட்டு உறுப்பினர்கள் தங்கள் மக்களிடம் காட்டக்கூடிய வரி சட்டத்தில் இல்லை.

அந்த வரி 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் மூலம் வந்தது. மூன்றாவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு இப்போது சொல்வது இது: இந்தியைத் தங்கள் ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலப் பயன்பாட்டை நிறுத்தலாம் என்று தனித்தனியே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், அந்தத் தீர்மானங்களைக் கருத்தில் கொண்ட பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவ்வாறே தீர்மானிக்க வேண்டும், அதுவரை ஆங்கிலம் தொடரும். ஒரே ஒரு மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றாமல் இருந்தாலும், நாடாளுமன்றம் அந்த உட்பிரிவையே மாற்றாதவரை, ஆங்கிலத்தை நிறுத்த முடியாது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கு அப்பால் டெல்லியில் முடிவாகிவிடும் என்று அஞ்சிய ஒரு கேள்வி, சென்னைக் கோட்டையில் கூடும் அவையின் சம்மதத்தையும் கேட்டு நிற்கும்படி எழுதப்பட்டிருக்கிறது.